ரேப்சீட் வயலில் தெள்ளு வண்டு: அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்க

ஆகஸ்ட் கடைசி வாரம் பிறந்தால் கிழக்கு இங்கிலாந்துப் பண்ணைகளிலிருந்து ஒரே மாதிரியான படங்கள் கைபேசிக்கு வரத் தொடங்கும். உள்ளங்கையில் ஒரு நாற்று, விதையிலை முழுக்கத் துளை, கீழே "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒரு வரி. நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்விகள்: எப்போது விதைத்தீர்கள், மண்ணில் ஈரம் இருக்கிறதா, செடி எத்தனை இலையில் நிற்கிறது. மருந்துப் பேச்சு அதற்குப் பிறகுதான். பல வயல்களில் அந்தப் பேச்சே வராது.

இங்கே பண்ணை வேலைக்கும் ஆலோசனைப் பணிக்கும் வந்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆகஸ்டில் விதைத்து மறு ஜூலையில் அறுக்கும் குளிர்கால ரேப்சீட்டுக்கு, அதாவது கனோலா எண்ணெய் எடுக்கும் அந்தக் கடுகினப் பயிருக்கு மட்டுமே இது பொருந்தும். தமிழ்நாட்டில் முள்ளங்கி, முட்டைக்கோஸ் நாற்றுகளைச் சல்லடையாக்கும் சிறு வண்டுகளும் இதே கூட்டம்தான் என்றாலும், இங்குள்ள எண்களை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

உங்கள் வயலில் தெரியும் அறிகுறிக்கு நேரே போய்ப் படியுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்: வண்டுதானா?

பகலில் போனால் துளை இருக்கும், வண்டு இருக்காது. தெள்ளு வண்டு இருட்டிய பிறகுதான் முழு மூச்சாக மேயும். வெயில் நேரத்தில் மண்கட்டிக்கு அடியிலும் வெடிப்புகளிலும் ஒதுங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். ஒளியை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பாய்ச்சினால், விதையிலையின் விளிம்பில் எண்ணெய் பட்ட கறுப்பு எள் போல ஒன்று பளபளக்கும். உங்கள் கை நிழல் அதன்மேல் விழுந்த கணத்தில் தெறித்து மறைந்தால் சந்தேகமே வேண்டாம். நீளம் 3 முதல் 5 மில்லிமீட்டர், நீலம் ஓடிய கருமை, சிலவற்றில் செப்பு நிறம், பின்னங்கால் தொடை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் தடித்திருக்கும்.

முதுகில் மஞ்சள் கோடு ஓடி, உருவமும் இதைவிடச் சிறியதாக இருந்தால் அது வேறு வகைத் தெள்ளு வண்டு. அதுவும் இலையைத் துளைக்கும். ஆனால் ரேப்சீட் தெள்ளு வண்டின் புழுவைப் போல அதன் புழு தண்டுக்குள் புகாது. அப்படியானால் கீழே குளிர்காலத்துக்கும் வசந்தத்துக்கும் எழுதியிருப்பவற்றை நீங்கள் படிக்கவே வேண்டியதில்லை.

இரவில் போக முடியாதவர்கள் மஞ்சள் தண்ணீர்ப் பொறி வைக்கலாம். மஞ்சள் தட்டு, தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு. தட்டின் விளிம்பு தரைமட்டத்தில் இருக்கும்படி புதைத்து, இரண்டை வயலோரத்திலும் இரண்டை உள்ளேயும் வையுங்கள். வரத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: விதைத்துப் 10 நாளாகியும் வரிசை தெரியவில்லை

*ஈரம் இல்லை.* முக்கால்வாசி நேரம் இதுதான். வரிசையை விரலால் கிளறி விதையைத் தேடி எடுங்கள். விதை உருண்டையாக, கடினமாக, போட்டபடியே இருந்தால் அது மழைக்குக் காத்திருக்கிறது. வண்டுக்கு இதில் பங்கில்லை. உருளை ஓட்டாமல் விட்டிருந்தால் உடனே ஓட்டுங்கள். விதையும் மண்ணும் ஒட்டும், இருக்கிற கொஞ்ச ஈரமும் தங்கும்.

*ஆழம் தவறிவிட்டது.* ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் போதும். ஈரத்தைத் தேடி நாலைந்து சென்டிமீட்டர் இறக்கியிருந்தால் முளை வெளுத்து, நீண்டு, மேலே வரும்போதே களைத்திருக்கும். இதற்கு இப்போது செய்யக்கூடியது ஒன்றுமில்லை; விதைக்கும் எந்திரமான டிரில்லின் அளவைக் குறித்துவைத்து அடுத்த வயலில் மாற்றுங்கள்.

*ஓடில்லா நத்தை.* கோதுமைத் தாள் அதிகம் கிடக்கும் களிமண் வயல்களில் முதல் சந்தேகம் இதன்மேல் வர வேண்டும். மண்ணுக்கு மேலே வந்த தண்டு அறுபட்டுக் கிடக்கும், விளிம்பு நார் நாராக இருக்கும், காலையில் போனால் வெள்ளிக் கோடாகச் சளித்தடம் தெரியும். ஓட்டுத்துண்டுக்கு அடியில் ஒரு கைப்பிடி கோழித்தீவனம் வைத்து மறுநாள் காலை வெயில் ஏறுமுன் எண்ணுங்கள். கோதுமைத் தாள் கிடக்கும் வயலில் பொறிக்கு ஒரு நத்தை கிடைத்தாலே மருந்துக் குருணை இட யோசிக்க வேண்டும். மெட்டால்டிஹைடு குருணைக்கு 2022 மார்ச் 31-க்குப் பிறகு இங்கே தடை. கொட்டகை மூலையில் பழைய மூட்டை இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. இப்போது இடுவது ஃபெர்ரிக் பாஸ்பேட். அதைத் தின்ற நத்தை மண்ணுக்குள் போய்ச் சாகும் என்பதால் பிணத்தைத் தேடிப் பலன் பார்க்காதீர்கள்.

*வண்டு மண்ணுக்குள்ளேயே தின்கிறது.* வெடித்த, கட்டி தட்டிய மண்ணில் வண்டு இடுக்கு வழியாக இறங்கி, முளை வெளியே வருமுன்னே அதைக் கடித்துவிடும். கிளறும்போது வெள்ளைத் தண்டு மட்டும் இருந்து தலை இல்லையென்றால் இதுதான் நடந்திருக்கிறது. நான்கு காரணங்களிலும் விலை அதிகமானது இது.

*எப்போது அழைப்பது:* விதைத்து மூன்று வாரத்தில் சதுர மீட்டருக்குப் பத்துச் செடிகூடத் தேறவில்லை என்றால் உழுவதற்கு முன் விதை முகவரை அழையுங்கள். சில விதை நிறுவனங்கள் பயிர் நிலைக்காவிட்டால் விதைப்பணத்தில் ஒரு பகுதியைத் தள்ளிக்கொடுக்கும் திட்டம் வைத்திருக்கின்றன. அதற்கு அவர்கள் வயலைப் பார்க்க வேண்டும். உழுதுவிட்டால் காட்ட எதுவும் இருக்காது.

அறிகுறி: விதையிலையிலும் முதல் இலைகளிலும் சல்லடைத் துளைகள்

அதிகம் பேர் வருவது இதற்காகத்தான், அதிகப் பணம் வீணாவதும் இதில்தான். அதனால் மெதுவாகப் போவோம்.

முதலில் குருத்தைப் பாருங்கள். இரண்டு விதையிலைகளும் சேரும் இடத்தில் கடுகளவு பச்சை மொட்டு இருக்கும். அது இருக்கிறவரை விதையிலை பாதி போனாலும் செடி எழுந்துவிடும். அது கடிபட்டிருந்தால் விதையிலை முழுசாக இருந்தும் பயனில்லை. கைபேசியில் வரும் படங்களில் பெரும்பாலும் தெரியாத இடமும் இதுதான்.

அடுத்தது அளவு. வயலில் ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் பத்துச் செடி. வாயிலுக்கு அருகிலேயே நின்று எண்ணி முடித்துவிடக் கூடாது. வேலிப்புதரிலிருந்து வண்டு வருவதால் ஓரம் எப்போதும் மோசமாகத்தான் இருக்கும். இலைப்பரப்பில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று மதிப்பிடும்போது கண் மிகைப்படுத்தும். இருபது துளை விழுந்த இலை பாதி போனதாகத் தோன்றும். துளைகளையெல்லாம் மனத்துக்குள் ஒரு மூலையில் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு தேறுவதே பெரிது.

பொருளாதார சேத நிலை என்று இங்கே வைத்திருப்பது: ஒன்று இரண்டு இலைப் பருவத்தில் பரப்பில் 25 சதவீதம், மூன்று நான்கு இலையில் 50 சதவீதம். இதோடு ஒரு பொது விதியும் உண்டு. செடி வளரும் வேகத்தைவிட வண்டு தின்னும் வேகம் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். அதை அறிய ஒரு வரிசையில் குச்சி நட்டு, அரை மீட்டர் நீளத்தை ஒரே உயரத்திலிருந்து இரண்டு நாள் இடைவெளியில் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால் போதும். புதிய இலை விரிந்திருந்தால் செடி ஜெயிக்கிறது.

*நான்கு இலை தாண்டிவிட்டது.* விட்டுவிடுங்கள். இனி விழும் துளையால் பயிர் சாகாது. நவம்பரில் புழுவைப் பார்க்க வாருங்கள்.

*ஒன்று இரண்டு இலை, மண்ணில் ஈரம் உண்டு, சேதம் 25-க்குள்.* காத்திருங்கள். படம் மட்டும் எடுங்கள். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒரு வாரத்தில் செடி அபாயக் கட்டத்தைக் கடந்துவிடும்.

*ஒன்று இரண்டு இலை, மண் வறண்டுவிட்டது, சேதம் 25-ஐத் தாண்டிவிட்டது.* மருந்துக் கேள்வி நியாயமாக எழும் ஒரே இடம் இது. கொஞ்சம் கதையைச் சொல்லியாக வேண்டும். விதையிலேயே பூசிவந்த நியோனிகோட்டினாய்டு மருந்துகளைத் தேனீக்களின் நலன் கருதி ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரில் இந்தப் பயிரிலிருந்து நிறுத்தியது. மிஞ்சியது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துத் தெளிப்பு. அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்ற வண்டுகள் ஜெர்மனியில் 2008-லேயே கண்டறியப்பட்டிருந்தன. 2014-இல் இங்கிலாந்திலும் உறுதியாயின. கிழக்கிலும் தென்கிழக்கிலும் அந்த எதிர்ப்பு பரவி ஊறிவிட்டது. 2012-இல் ஏழரை லட்சம் ஹெக்டேராக இருந்த பிரிட்டனின் ரேப்சீட் பரப்பு 2021-இல் மூன்று லட்சத்துக்குச் சுருங்கியதில் இந்த வண்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே, அடிப்பதானால் ஒரே முறை. வண்டு வெளியே இருக்கும் அந்திக்குப் பிறகு, முழு அளவில். அளவைக் குறைத்து அடிப்பது எதிர்ப்பை வளர்க்கும் வேலை. மறுநாள் இரவும் அதற்கு அடுத்த இரவும் அதே டார்ச்சோடு அதே வரிசைக்குப் போங்கள். வண்டு துள்ளினால் உங்கள் வயலில் இந்த மருந்துக்கு வேலை இல்லை என்று பொருள். நிறுவனப் பெயர் மாறினாலும் டப்பாவுக்குள் இருப்பது லாம்ப்டா சைஹாலோத்ரினோ அதன் உறவினரோதான். இரண்டாம் முறை அடிப்பது டீசலுக்கும் கேடு. அதோடு, தரையில் ஓடும் வேட்டை வண்டுகளையும் சிலந்திகளையும் அது கொன்றுவிடும். மைக்ரோக்டோனஸ் பிராசிக்கே என்று ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது. தெள்ளு வண்டின் உடம்புக்குள்ளேயே முட்டையிடும். இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஆய்வுக்காகப் பிடித்து வளர்த்த வண்டுகளிலிருந்து அது வெளிவந்தபோதுதான் கவனத்துக்கு வந்தது. பைரித்ராய்டு அடிக்கிற வயலில் அந்தக் குளவிக்கும் அதே கதிதான்.

தெளிப்பானில் தண்ணீர் நிரப்பும் முன் அலுவலக அறைக்குப் போய் ஒரு காகிதத்தைப் பாருங்கள். பூச்சிமருந்து அடிப்பதில்லை என்று அரசின் நிலையான வேளாண் ஊக்கத் திட்டத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 45 பவுண்டு பெறும் வயலாக அது இருந்தால், அடித்த அன்றே ஒப்பந்தம் முறிகிறது. வயல் எண்ணைச் சரிபார்க்காமல் தெளிப்பானை அனுப்புகிற பண்ணைகள் உண்டு.

*செடி எண்ணிக்கையே சரிகிறது.* சதுர மீட்டர் சட்டத்தை எடுத்து எண்ணத் தொடங்குங்கள். வீரிய ரகம் சதுர மீட்டருக்கு 50 விதை வீதம் போட்டிருப்பார்கள். 15 லட்சம் விதை கொண்ட ஒரு மூட்டை மூன்று ஹெக்டேருக்கு வரும். வசந்தத்தில் 25 முதல் 35 செடி நின்றால் நல்ல பயிர். இந்தச் செடி கிளைவிட்டு இடத்தை நிரப்பக்கூடியது என்பதால், பரவலாக நிற்குமானால் 10 முதல் 15 செடியையும் நான் கலைக்கச் சொல்லமாட்டேன். ஓரிடத்தில் 30, பக்கத்தில் சுழியம் என்று திட்டுத் திட்டாக இருந்தால்தான் சிக்கல்: அறுவடை சமமாக வராது, வெற்றிடத்தில் கருநரிவால் களை எழும்.

இந்தக் கட்டத்தில் கையைக் கட்டிக்கொள்வது ஒரு உத்தி. பயிர் நிலைக்கும்வரை களைக்கொல்லி, பூஞ்சைமருந்து, கந்தகம் எதிலும் பணம் இறக்காதீர்கள். மெட்டாசாக்குளோர் களைக்கொல்லியை விதைத்தவுடன் அடித்துவிட்டால், பயிர் போனபின் அந்த மண்ணில் எதை விதைக்கலாம் என்பதை அந்த டப்பாவின் லேபிள்தான் முடிவு செய்யும். அதே வயலில் மறுபடி ரேப்சீட் போடலாமா என்று கேட்பார்கள். வண்டு ஏற்கெனவே வந்து குடியேறிவிட்ட வயலில் இன்னொரு பந்தி விரிப்பதாகும் அது. அக்டோபர் கோதுமைக்கு நிலத்தைத் தயார் செய்வதே நல்லது.

*எப்போது அழைப்பது:* 25 சதவீதத்தைத் தாண்டியது, வானிலை அறிக்கையில் மழை இல்லை, செடி நாளுக்கு நாள் குறைகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் பேசிஸ் எனும் பயிர்ப்பாதுகாப்புச் சான்று பெற்ற ஆலோசகரை அன்றே வயலுக்கு வரச் சொல்லுங்கள். தெளிப்பதற்குச் சான்றிதழ் இல்லாதவர் பண்ணை முதலாளியே சொன்னாலும் தெளிப்பான் ஏறக்கூடாது.

அறிகுறி: துளை இல்லை, கிழிசல் அல்லது வேறு ஏதோ

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இவை வண்டின் வேலை அல்ல.

இலைத்தசை போய் நடுநரம்பு மட்டும் நிற்கிறது, சுற்றிலும் எச்சம்: காட்டுப்புறா. மருந்தால் தீராது, ஆளும் வெடியும் வேண்டும். இலை நரம்பு வலையாக மட்டும் மிஞ்சி, கருமையான புழுக்கள் கூட்டமாக இருக்கின்றன: டர்னிப் ரம்ப ஈ. ஓரிரு நாளில் வயலையே மேய்ந்துவிடும் என்பதால் அன்றே அழையுங்கள். வட்டமான வெளிறிய புள்ளி, அதற்குள் மிளகுத்தூள் தூவியதாகக் கறுப்புப் பொட்டுகள்: ஃபோமா நோய். நடுப்பகுதி உதிர்ந்து துளையானால் வண்டு என்று மயங்க வைக்கும். கறுப்புப் பொட்டுதான் அடையாளம். செடி பகலில் வாடி, இழுத்தால் எளிதாகக் கையோடு வந்து, வேர் அரிபட்டிருக்கிறது: முட்டைக்கோஸ் வேர் ஈயின் புழு. வேர் வீங்கி முண்டு முண்டாக இருக்கிறது: வேர்முடிச்சு நோய், மண்ணின் அமிலத் தன்மையைச் சோதியுங்கள்.

அறிகுறி: நவம்பர் முதல் ஜனவரி வரை, இலைக்காம்பில் பழுப்புத் தழும்பு

செப்டம்பரில் தப்பித்த வயல்காரர்கள் நிம்மதியாக இருக்கும் காலம் இது. தாய் வண்டு அதற்குள் செடியின் அடியில் மண்வெடிப்பில் முட்டையிட்டிருக்கும். மிதமான குளிர்காலம் என்றால் முட்டையிடுவது நிற்காமல் தொடரும். பொரிந்த புழு காம்பின் வழியாக உள்ளே நுழையும். நுழைந்த இடம் ஆறிய சிரங்கு போல் பழுப்பாகத் தெரியும்.

வயலின் பல இடங்களிலிருந்து 25 செடியை வேரோடு பிடுங்கிச் சமையலறை மேசைக்குக் கொண்டுவாருங்கள். செய்தித்தாளை விரித்து, கீழ் இலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு காம்பையும் கூரிய கத்தியால் நீளவாக்கில் பிளக்க வேண்டும். பச்சைச் சதைக்குள் பழுப்பாக ஒரு சுரங்கம் ஓடும். அதன் முடிவில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளைப் புழு. தலை கறுப்பு, வால் நுனியில் கருந்தகடு, முன்பக்கம் மூன்று ஜோடிச் சின்னக் கறுப்புக் கால். இந்தக் கால்களைப் பார்த்தே தீர வேண்டும். தலை இருந்து கால் இல்லையென்றால் அது கூன்வண்டின் புழு. தலையும் இல்லை, காலும் இல்லையென்றால் இலைதுளைக்கும் ஈயின் புழு, பொருட்படுத்த வேண்டியதில்லை. இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த இளம் புழுவைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். கண்ணுக்குத் தெரியாததால் "புழு இல்லை" என்று எழுதிவிடக் கூடாது.

கத்தி வேலைக்குப் பொறுமை இல்லையென்றால் இன்னொரு வழி. செடியின் வேரைக் கழுவி, தட்டில் தண்ணீரும் இரண்டு சொட்டுச் சோப்பும் விட்டு, மேலே கம்பி வலையில் செடிகளைப் பரப்பி, சூடான அறையில் வைத்துவிடுங்கள். செடி காயக் காயப் புழு வெளியேறித் தண்ணீரில் விழும். இரண்டு மூன்று வாரம் எடுக்கும். வாசனைக்கு வீட்டில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*செடிக்கு இரண்டு புழுவுக்குக் கீழ், செடி பெரிது.* ஒன்றும் செய்ய வேண்டாம். முதிர்ந்த கீழிலைகளோடு பல புழுக்களும் உதிர்ந்துவிடும்.

*இரண்டு முதல் ஐந்து.* செடியின் பருமனைப் பொறுத்தது. கட்டைவிரல் தடிமனுக்கு வேர்க்கழுத்து இருந்தால் தாங்கும். பென்சிலைவிட மெலிந்திருந்தால் தாங்காது.

*ஐந்துக்கு மேல், செடி பெரிது.* ஆகஸ்ட் தொடக்கத்திலேயே விதைத்து முழங்கால் உயரம் வளர்ந்த வயல்களில் இது அடிக்கடி வரும். இங்கே சிலர் செம்மறி ஆடுகளை விடுகிறார்கள், சிலர் இலைகளை எந்திரத்தால் கொய்துவிடுகிறார்கள். புழு இலைக்காம்பில் இருக்கும்போதே இலையை நீக்கினால் புழுவும் போகும். டிசம்பர், ஜனவரி தாண்டக்கூடாது. தண்டு நீளத் தொடங்கிய பின் கொய்தால் புழுவோடு மகசூலும் போகும். ஆட்டை விடுமுன் ஏற்கெனவே அடித்த களைக்கொல்லியின் மேய்ச்சல் இடைவெளியை லேபிளில் பாருங்கள். கடுகினத்தையே முழுத் தீவனமாகத் தின்றால் ஆட்டுக்கு ரத்தசோகை வரும் என்பதால் வைக்கோலும் புல்லும் பக்கத்தில் இருக்க வேண்டும். கொய்த வயலில் துளிர்க்கும் இளந்தளிரைத் தேடிப் புறா வரும். அதற்கும் ஏற்பாடு தேவை. சேதம் இல்லாத வயலில் இதைச் செய்தால் நட்டம்தான் மிச்சம்.

*ஐந்துக்கு மேல், செடி சிறிது.* கொய்ய இலை இல்லை, மருந்து காம்புக்குள் போகாது, போனாலும் எதிர்ப்பு பெற்ற தாய்க்குப் பிறந்த புழு அது. இதைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். ஆலோசகரோடு உட்கார்ந்து, புரோபைசமைடு களைக்கொல்லிக்குச் செலவிடுமுன் பயிரை வைத்துக்கொள்வதா கலைப்பதா என்று கணக்குப் போடுங்கள். அந்தச் செலவு பெரியது. அடித்துவிட்டால் வசந்தகால பார்லிக்குக் கதவு சாத்தப்படவும் கூடும்.

அறிகுறி: பிப்ரவரி, மார்ச்சில் பயிர் எழவில்லை, நடுத்தண்டு இல்லை

பக்கத்து வயல் முழங்காலைத் தாண்டிவிட்டது, உங்களுடையது தரையில் ரோஜாப்பூ மாதிரி படர்ந்து கிடக்கிறது, நடுவில் குருத்து கருகி நாலைந்து பக்கக் கிளைகள் மெலிதாக எட்டிப்பார்க்கின்றன. காற்று வெதுவெதுத்ததும் புழு காம்பை விட்டுத் தண்டுக்கும் குருத்துக்கும் நகர்ந்துவிட்டது.

முதலில் செலவில்லாத காரணங்களை விலக்குங்கள். பள்ளத்தில் மட்டும் குட்டையாக இருந்தால் நீர்தேக்கம். டிராக்டர் திரும்பும் ஓரத்தில் மட்டும் என்றால் மண் இறுக்கம். இலை விளிம்பு ஊதாவாகச் சிவந்திருந்தால் அசுவினி பரப்பிய வைரஸோ சத்துக் குறையோ இருக்கலாம். வயல் முழுக்கச் சீரற்று, ஒரு செடி எழுந்து பக்கத்துச் செடி படுத்திருந்தால் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே பழுப்புக் குழி ஓடினால் விடை கிடைத்துவிட்டது. புழுவே இல்லாமல் குழி மட்டும் இருக்கலாம்; முதிர்ந்த புழு கூட்டுப்புழுவாக மண்ணுக்குள் இறங்கியிருக்கும்.

இந்தக் கட்டத்தில் புழுவுக்கு மருந்தில்லை. கேள்வி, நிற்பதை வைத்து அறுவடை காண முடியுமா என்பது மட்டுமே. பத்து இடத்தில் சட்டம் வைத்து, நடுத்தண்டு உயிரோடு இருக்கும் செடிகளைத் தனியாக எண்ணுங்கள். அவை சதுர மீட்டருக்குப் பத்துக்குமேல், பரவலாக என்றால் முதல் தழைச்சத்தைத் தாமதிக்காமல் இட்டுப் பக்கக் கிளைகளைத் தூக்கிவிடப் பாருங்கள். பூப்பது தாமதமாகும், முற்றுவது சீராக இராது, அறுவடைத் தேதி இழுக்கும். அதற்கும் குறைவென்றால் மார்ச்சுக்குள் முடிவெடுங்கள். ஏப்ரலில் விதைக்கும் பார்லிக்கு ஒவ்வொரு வாரமும் மகசூலில் கழிவு. இலையுதிர் காலத்தில் என்ன களைக்கொல்லி போயிருக்கிறது என்ற பதிவேட்டைப் பார்த்த பிறகே பார்லியா, பீன்ஸா என்று பேச வேண்டும். இது ஆலோசகர் இல்லாமல் செய்யும் வேலையல்ல.

ஒரு எச்சரிக்கை. பச்சை மொட்டுப் பருவத்தில் பூங்கொத்தில் பளபளக்கும் சிறு வண்டுகளைக் கண்டு "திரும்ப வந்துவிட்டது" என்று பதறுவார்கள். அது மகரந்த வண்டு, துள்ளாது. தெள்ளு வண்டின் புழுவைத் தாக்கும் இன்னொரு குளவி வசந்தத்தில்தான் நடமாடும். அந்த நேரத்தில் தேவையில்லாமல் அடிக்கும் பைரித்ராய்டு நமக்கு உதவ வந்ததைத்தான் கொல்லும்.

அறிகுறி: அறுவடை டிரெய்லரில் விதையோடு வண்டும் ஓடுகிறது

இது அடுத்த ஆண்டுக்கான அறிகுறி. புதிதாக வெளிவந்த தலைமுறை, இனி வேலிப்புதரிலும் மர நிழலிலும் சில வாரம் ஒடுங்கியிருந்து ஆகஸ்ட் கடைசியில் பசித்து வரும். நிறைய ஓடினால் கீழ்க்கண்டவற்றை இப்போதே செய்யலாம்.

அறுத்த வயலில் உதிர்ந்து தானாக முளைக்கும் ரேப்சீட்டை உடனே அழிக்காதீர்கள். செப்டம்பர் கடைசி வரை விட்டுவைத்தால் வண்டு அங்கேயே தங்கி மேயும். புதுப் பயிர் அதற்குள் நான்கு இலையைத் தாண்டிவிடும். செலவில்லாத பொறிப்பயிர் இது. அதற்குப் பிறகு கட்டாயம் அழித்துவிட வேண்டும்.

விதைப்புத் தேதியில் நடுவழி வேண்டாம். ஆகஸ்ட் முதல் பாதியில் விதைத்தால் வண்டு வருமுன் செடி பெரிதாகும், ஆனால் குளிர்காலத்தில் புழு கூடும். செப்டம்பர் நடுவில் விதைத்தால் வரத்து ஓய்ந்திருக்கும், ஆனால் செடி சிறிதாகவே குளிரைச் சந்திக்கும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம்வரை விதைப்பது வண்டின் வருகைக்கு இலை வைப்பது. எனக்கு நாள்காட்டியைவிட மண்ணின் ஈரம் முக்கியம்: ஆகஸ்ட் 10-ஆம் தேதியானாலும் மண் தூசாகப் பறந்தால் டிரில்லைக் கொட்டகையிலேயே நிறுத்துங்கள். மழை வராமலே போனால் அந்த வயலுக்கு அந்த ஆண்டு ரேப்சீட் இல்லை.

துணைப்பயிராகப் பக்வீட் எனும் தானியம், பெர்சீம் எனும் தீவனப் பயறு, வெந்தயம் ஆகியவற்றைச் சேர்த்து விதைக்கிறார்கள். நம் வெந்தயம்தான், மூட்டையைத் திறந்தால் டிரில்லெல்லாம் மணக்கும். கலந்து நிற்கும் இலைகளுக்கு நடுவே வண்டுக்குப் பயிரைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. மூன்றுமே உறைபனியில் தாமே மடிந்துவிடும். பயறுவகைத் துணைப்பயிர் போட்ட வயலில் குளோபைராலிட் களைக்கொல்லி அடித்தால் அவை சாகும் என்பதை ஆலோசகரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கோழி எருவோ சாணக் கழிவோ விதைப்புக்கு முன் இட்டுக் கலக்குபவர்களும் உண்டு. வண்டை அது விரட்டுகிறதோ இல்லையோ, நாற்றை வேகமாக எழுப்புகிறது. எனக்கு அது போதும்.

எதிர்ப்புத் திறன் எந்த அளவு என்று அறிய விரும்பினால், டிரெய்லரில் ஓடும் வண்டுகளைக் காகிதத் துண்டு போட்ட காற்றோட்டமுள்ள டப்பாவில் உயிரோடு பிடித்து ஆலோசகரிடம் கொடுங்கள். பரிசோதனைக்கு அனுப்ப அவருக்கு வழி தெரியும். ஆகஸ்டில் மருந்து டப்பா வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த முடிவு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.